வாங்கிக் கொடுத்தவர்கள்

2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சியாட்டில் பல்கலைக்கழகம் ஓர் எண்பத்திரண்டு வயதுத் தமிழ்ப் பெண்ணைச் சிறப்பித்தது. அது இயேசு சபையினர் 1891இல் தொடங்கிய கல்வி நிலையம். அவர் நாகப்பட்டினம் பக்கம் கூத்தூரில் இருந்து போனவர், கதர்ச் சேலை கட்டியவர், வள்ளலார் பாடல்களைப் பாடிக்கொண்டே நாளைத் தொடங்குபவர். அந்தச் சிறப்புக்குக் காரணமான ‘ஓபஸ் பரிசு’ என்ற விருதை ஆண்டுதோறும் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்று நடத்தும். இறுதிச் சுற்றுக்கு வருபவர்களின் இடத்துக்கே மாணவர்களும் ஆசிரியர்களும் போய் வேலையைப் பார்த்துவிட்டு வருவது அதன் வழக்கம். அந்த ஆண்டின் முதல் பரிசான 10 லட்சம் டாலர், புருண்டி நாட்டில் உள்நாட்டுப் போரின் அனாதைகளை வளர்த்த மார்கரீத் பரங்கிட்சேவுக்குப் போனது. இறுதிச் சுற்றில் நின்று சிறப்புப் பெற்றவர்களில் ஒருவர்தான் இந்தத் தமிழ்ப் பெண், கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். அதே ஆண்டு அவரும் அவருடைய கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும், அவர்கள் தொடங்கிய ‘லாஃப்டி’ அமைப்பும் சேர்ந்து ‘ரைட் லைவ்லிஹுட்’ விருதுக்குத் தேர்வானார்கள். மாற்று நோபல் என்று பத்திரிகைகள் சொல்வது அதைத்தான்.

இரண்டு விருதுகளின் பணமும் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது சுவாரசியம். ஓபஸ் பரிசின் பின்னால் இருப்பது மின்னசோட்டாவில் ஜெரால்ட் ரவென்ஹார்ஸ்ட் 1953இல் தொடங்கிய கட்டட நிறுவனத்தின் செல்வம். மாற்று நோபலைத் தொடங்கிய யாக்கோப் ஃபொன் உக்ஸ்குல், தன் தபால்தலைச் சேகரிப்பை விற்று அதற்கு முதல் போட்டார். கொடையாளர் என்ற சொல்லுக்கு நாம் பழகிய பொருள் அதுவே: தன்னிடம் இருப்பதைக் கொடுப்பவர். கிருஷ்ணம்மாளிடமும் ஜெகந்நாதனிடமும் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. மற்றவர்களுடைய நிலத்தைத்தான் அவர்கள் கொடுத்தார்கள். வாழ்நாள் முழுக்க அதை எப்படி வாங்குவது என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

தமிழில் இந்த வகைக் கொடைக்கு ஒரு பழைய மரபு உண்டு. பாரியும் பேகனும் தம் உடைமையைத் தந்தவர்கள். மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன் அந்த வரிசையில் வராதவன். மதுரையில் வீடுவீடாகப் பிச்சை எடுத்து, குருடருக்கும் முடவருக்கும் ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தான் தின்றவன். அவன் கையில் இருந்த அமுதசுரபிதான் பிறகு மணிமேகலைக்கு வந்தது. அதிலும் முதல் பிச்சையை ஆதிரை இட்ட பிறகே சோறு பெருகியது. வடலூரில் 1867இல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலாரும் பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து கொடுத்த நிலத்தில்தான் அடுப்பை மூட்டினார். அவர் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. கிருஷ்ணம்மாள் வள்ளலார் வழியில் நின்றதற்கும் கேட்டு வாங்கிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டதற்கும் தொடர்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தச் சமய மரபைச் சேர்ந்தவரையும் ஏற்கும் ஒரு பரிசை, ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் சன்மார்க்கப் பெண் ஒருவரின் பக்கம் நீட்டியதில் பொருத்தம் இல்லாமல் இல்லை.

ஜெகந்நாதன் 1912இல் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துச் செங்கப்படையில், வசதியான குடும்பத்தில் பிறந்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டு 1930இல் கல்லூரிப் படிப்பை விட்டார். ஆங்கில அரசு நாட்டை விட்டே வெளியேற்றிய அமெரிக்கப் பாதிரியார் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தானோடு சேர்ந்து மதுரைச் சேரிகளில் வேலை செய்தார். 1942 போராட்டத்தில் சிறை சென்றார். கிருஷ்ணம்மாள் 1926இல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை சீக்கிரம் இறந்துவிட, தாய் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளும் மருத்துவருமான சௌந்தரம் மதுரையில் நடத்திய விடுதிதான் அந்தப் பெண்ணைப் பட்டப்படிப்பு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியது. அடிமை நாட்டில் திருமணம் இல்லை என்று உறுதி எடுத்திருந்த ஜெகந்நாதன் 1950இல் கிருஷ்ணம்மாளை மணந்தார். அந்த ஆண்டில், அந்த ஊர்ப்பக்கத்தில், சாதியைத் தாண்டி ஒரு தலித் பெண்ணோடு நடந்த திருமணம் என்பதை வாசகர் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் அவர்கள் செய்த எந்தச் சத்தியாக்கிரகத்துக்கும் அது குறைந்ததில்லை. படித்தவர் சேரிக்குப் போக முதலில் படிப்பை விட்டார், சேரியில் பிறந்தவர் முதலில் படிப்பைப் பிடித்துக்கொண்டார். இருவரும் வந்து நின்றது ஒரே வரப்பில்.

அந்த வரப்பில் முதலில் நடந்தவர் காந்தியின் சீடரான வினோபா. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நாற்பது தலித் குடும்பங்கள் தங்களுக்கு எண்பது ஏக்கர் இருந்தால் பிழைத்துக்கொள்வோம் என்றன. அரசுக்கு எழுதுகிறேன் என்று சொல்ல வாயெடுத்த வினோபா, கூட்டத்தைப் பார்த்து யாராவது தருகிறீர்களா என்று கேட்டுவிட்டார். வெதிரே ராமச்சந்திர ரெட்டி எழுந்து நூறு ஏக்கர் தருகிறேன் என்றார். நிலத்தைத் தானமாகக் கேட்டு வாங்கும் பூதானம் அப்படித்தான் பிறந்தது. கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்த மண்ணில் அது பிறந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனம் இளகியதால் மட்டும் நிலம் வரவில்லை, பயமும் இளக்கியது. ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாக எண்ணி ஆறில் ஒரு பங்கு கொடுங்கள் என்று கேட்டு, ஐந்து கோடி ஏக்கர் திரட்டுவது வினோபாவின் இலக்கு. தானம் என்றால் சமமாகப் பங்கிடுவது என்று பொருள் சொன்னார் அவர். வடக்கே அவரோடு நடந்து பழகிவிட்டுத் திரும்பிய ஜெகந்நாதனும், ஆசிரியப் பயிற்சியை முடித்த கிருஷ்ணம்மாளும், தமிழ்நாட்டில் ஊர் ஊராக நடந்தார்கள். மகனுக்கு வைத்த பெயரே ‘பூமி’ என்று தொடங்கியது.

நாடு முழுவதும் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் பூதானமாக எழுதிக் கொடுக்கப்பட்டது. எழுதிக் கொடுப்பது வேறு, கை மாறுவது வேறு. அதில் பெரும் பங்கு நிலம் பிரித்துக் கொடுக்கப்படவே இல்லை. தானம் தந்தவர்களில் பலர் பாறையையும் முள்காட்டையும் வழக்கில் கிடந்த நிலத்தையும் தந்து பெயர் வாங்கிக்கொண்டார்கள். தந்தை எழுதிக் கொடுத்ததை மகன் மறுத்த இடங்களும் உண்டு. தானத்துக்குச் சட்ட உருவம் கொடுக்க இங்கே 1958இல் சென்னைப் பூதான யக்ஞச் சட்டம் வந்தது. தரிசைத் திருத்தாமல் ஏழைக்கு அதனால் பயனில்லை என்று உணர்ந்தவர்கள் பின்னர் ‘அசேபா’ போன்ற அமைப்புகளைத் தொடங்கிக் கிணறு வெட்டவும் மண் திருத்தவும் இறங்கினார்கள். கேட்டால் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் எதைக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவன்தான் முடிவு செய்கிறான். பூதானத்தின் முழுக் கணக்கும் இந்த ஒரு குறைக்குள் அடங்கும்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்த் தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரு சிறு குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 தலித் மக்கள் தீ வைத்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் பெண்கள், குழந்தைகள். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் பின்னணி. கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் பிறகு விடுவித்தது. பெருந்தனக்காரர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு சொன்னதைத் தமிழ்நாடு இன்னும் மறக்கவில்லை. மதுரைப் பக்கம், ஊர் நிலத்தையே பொதுவில் சேர்க்கக் கேட்கும் கிராமதான வேலையில் இருந்த ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அந்தக் கொலைக்குப் பிறகு கீழ்த் தஞ்சைக்கு வந்தார்கள். வந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் காலவரிசையை மழுப்பக் கூடாது. காந்தியர்கள் வருவதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்த மண்ணில் வேலை தொடங்கியவர்கள் கம்யூனிஸ்டுகள். சாணிப்பால், சவுக்கடி என்ற தண்டனைகளை எதிர்த்து, பண்ணையாட்களை முதன்முதலாக நிமிர்ந்து நிற்க வைத்தது பி. சீனிவாசராவும் அவருடைய தோழர்களும். 1952இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அந்தப் போராட்டத்தின் விளைவு. 1969இன் நியாயக் கூலிச் சட்டமோ வெண்மணியின் சாம்பலில் இருந்து வந்தது. கூலியை அவர்கள் உயர்த்தினார்கள். நிலம் மட்டும் கை மாறாமல் நின்றது. ஜெகந்நாதன் தம்பதி எடுத்துக்கொண்டது மிஞ்சி நின்ற அந்தப் பாதியை.

காவிரிக் கடைமடையின் நில உடைமையைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் அவர்கள் மோதிய சுவர் தெரியும். அங்கே நிலத்தைப் பழைய ஆட்கள் ஏக்கரில் சொல்ல மாட்டார்கள். மா, வேலி என்பார்கள். இருபது மா ஒரு வேலி. ஒரு ஏக்கர் என்பது மூன்று மா. நூற்றுக்கணக்கான வேலிகளை வைத்திருந்த மிராசுதார்களும், அவர்களையும் விஞ்சிய மடங்களும் கோயில்களும் இருந்த இடம் அது. 1961இன் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970இல் அது 15 தர ஏக்கராகக் குறைந்தது. சட்டப் புத்தகத்தில் இது பெரிய காரியம். ஆனால் சமய அறநிலையங்களுக்கு விலக்கு இருந்தது. விலக்கு எங்கே இருக்கிறதோ அங்கே நிலம் போய் ஒதுங்கியது. ஆறு மாதக் குழந்தையின் பெயரிலும் நந்தவனக் கட்டளையின் பெயரிலும் வயல்கள் பதிவாயின. உழுதவனுக்கு மேலே உடையவன் மாறவே இல்லை, பட்டாவில் பெயர் மட்டும் மாறியது. வலிவலத்தில் 1970களில் இப்படி அறக்கட்டளைப் போர்வையில் இருந்த நிலத்தை எதிர்த்து இருவரும் சத்தியாக்கிரகம் செய்தார்கள். வயலில் இறங்கினார்கள், மறியலில் அமர்ந்தார்கள், சிறைக்குப் போனார்கள். நெருக்கடிநிலைக் காலத்தை ஒட்டி ஜெயப்பிரகாஷ் நாராயணனின் இயக்கத்துக்காகப் பீகாருக்குப் போனபோதும் இதே வேலைதான். புத்தகயையில் ஒரு மடத்தின் நிலத்தை உழுபவர்களுக்குக் கேட்டார்கள்.

கேட்டார்கள், பாதி வந்தது. மறித்து உட்கார்ந்தார்கள், கொஞ்சம் வந்தது. மூன்றாவது வழியை அவர்கள் எடுத்தபோது ஜெகந்நாதனுக்கு வயது எழுபதை நெருங்கிவிட்டது. 1981இல் உழுவோர் நில உரிமைக்காக லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் வழி காந்தியருக்கும் பிடிக்காதது, கம்யூனிஸ்டுக்கும் பிடிக்காதது: நிலத்தை விலைக்கு வாங்குவது.

அந்தக் கணக்கு இப்படிப் போகும். பெரும் பண்ணைகளின் வாரிசுகள் அதற்குள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டிருந்தார்கள். கூலிப் போராட்டமும் உச்சவரம்பும் சேர்ந்து, நிலத்தை வைத்திருப்பதில் பழைய சுகம் இல்லாமல் செய்திருந்தன. விற்றுவிடலாம் என்று எண்ணுபவர் இருந்தார். வாங்க ஆசைப்படும் கூலிக்காரருக்கு அடமானம் வைக்க ஒரு தட்டுமுட்டும் இல்லை. நடுவில் லாஃப்டி நின்றது. நிலக்காரரையும் நிலமற்றவரையும் ஒரே பாயில் உட்கார வைத்து விலை பேசியது. பேசிய விலைக்கு வங்கியில் கடன் கேட்டது. வங்கிகள் முதலில் முகம் கொடுக்கவில்லை. கூலிப் பெண்ணுக்கு நிலக்கடன் என்பது அவர்களுடைய படிவத்திலேயே இல்லை. பத்திரச் செலவு இன்னொரு தலைவலி. விலையைத் திரட்டினாலும் முத்திரைத்தாளுக்கும் பதிவுக்கும் தனியாகத் திரட்ட வேண்டும். சார்பதிவாளர் அலுவலக வாசலில் காத்திருப்பதும், ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்பதும், சென்னைக்கும் டெல்லிக்கும் பேருந்தும் ரயிலுமாக அலைவதும்தான் அந்த நாட்களில் கிருஷ்ணம்மாளின் சமூக சேவை. எல்லாம் கூடிவந்தால், ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏக்கர். பத்திரம் பெண்ணின் பெயரில். வாங்கிய பிறகு ஊராகச் சேர்ந்து உழுது, விளைந்ததில் இருந்து கடனைக் கட்டுவது.

பெண்ணின் பெயரில் என்ற அந்த ஒரு முடிவை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். சாராயக் கடைக்கும் பட்டாவுக்கும் உள்ள தூரத்தை நன்றாக அறிந்த ஒரு பெண்ணின் முடிவு அது. கணவன் இறந்த பின் கூலி வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றிய தாயின் மகள், நிலம் யார் பெயரில் இருந்தால் வீட்டில் தங்கும் என்று எந்த ஆய்வறிக்கையையும் படிக்காமலே அறிந்திருந்தார். நிலவுரிமைத் திட்டங்கள் பெண் பெயரைப் பேசத் தொடங்கியது பிற்காலத்தில்தான். இன்று தாட்கோவின் ‘நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்’ ஆதிதிராவிடப் பெண்கள் விவசாய நிலம் வாங்க 50 விழுக்காடு, உச்சமாக 5 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. பெயரில் உள்ள நன்னிலம் நல்ல நிலம்தான். திருவாரூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அது தங்கள் ஊர்ப் பெயராகவும் கேட்கும். அரசுத் திட்டத்தின் இந்தச் சட்டகத்தை அங்கே லாஃப்டி எப்போதோ நடத்திக் காட்டிவிட்டது.

2000களின் நடுவில், லாஃப்டி வழியாகச் சுமார் 13,000 ஏக்கர் ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வினோபாவின் ஐந்து கோடிக்கு முன் இது தூசு. ஆனால் வினோபாவின் கணக்கு ஏக்கரில் இருந்தது. இந்தக் கணக்கு பத்திர எண்ணில் இருக்கிறது. பாறையை யாரும் கடன் போட்டு வாங்குவதில்லை. விளையும் வயல்தான் கை மாறியது.

குறை சொல்பவர்களின் வாதத்துக்கும் எடை உண்டு. தலைமுறை தலைமுறையாக உழைத்து அந்த நிலத்தை உருவாக்கியவர்களே அதற்கு விலையும் கொடுக்க வேண்டுமா? உச்சவரம்புச் சட்டத்தை ஒழுங்காக நடத்தியிருந்தால் அரசு எடுத்துக் கொடுத்திருக்க வேண்டிய நிலத்துக்கு, ஏழை கடனாளியாக வேண்டுமா? இந்தக் கேள்விக்கு லாஃப்டியிடம் கொள்கைப் பதில் கிடையாது. காலம் பற்றிய பதில்தான் உண்டு. சட்டம் வரும்வரை காத்திருந்த இரண்டு தலைமுறை கூலியாகவே செத்தது. இன்னொரு குறை நடைமுறை சார்ந்தது. மூன்று மா நிலம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றாது. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும். குறுவை பொய்த்து, சம்பாவும் மழையை நம்பி நிற்கும் ஆண்டுகளில் அந்த மூன்று மா சோறு மட்டுமே போடும், கடனைக் கட்டாது. லாஃப்டி பாய் நெசவு, தையல், தச்சு, கொத்துவேலை, கணினிப் பயிற்சி என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டது அதனால்தான். ஆனாலும் ஒரு ஏக்கர் செய்த வேறொரு வேலையைக் கூலிக் கணக்கில் அளக்க முடியாது. விடியற்காலையில் பண்ணை வாசலில் போய் நிற்க வேண்டியிராத வீட்டில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தங்கியது.

நிலம் இப்படி ஏக்கர் ஏக்கராக நகர்ந்துகொண்டிருந்தபோது, 1990களின் தொடக்கத்தில் கடற்கரைக்கு வேறொரு வாங்குபவன் வந்தான். இறால் பண்ணைக்காரன். லாஃப்டி பேரம் பேசிய விலையைப் போல அவனால் பல மடங்கு கொடுக்க முடியும். அவனுக்கு வேண்டியது மண் இல்லை, கடலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். உப்பங்கழி நீரைப் பம்பு வைத்து வயல் மட்டத்துக்கு ஏற்றி, தீவனமும் மருந்தும் கொட்டி, நான்கைந்து மாதத்தில் அறுவடை செய்து ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புவார்கள். கழிவு நீர் வாய்க்காலுக்குப் போகும். உப்பு பக்கத்து வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் கசியும். நூறு கூலிக்காரர் வேலை செய்த நெல்வயலுக்குக் குளமான பிறகு ஒரு சில காவல்காரர் போதும். மீனவர்கள் கடலுக்குப் போகும் வழியையும் வேலி மறித்தது. 1994, 95இல் வெண்புள்ளி நோய் வந்து குளங்கள் செத்தபோது உப்புப் பாரித்த மண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. நெல்லுக்கு அந்த மண் திரும்ப எத்தனை ஆண்டாகும் என்று கடைமடைக்காரர்களிடம் கேட்க வேண்டும்.

எண்பது வயதைத் தாண்டிய ஜெகந்நாதன் கிராமங்களில் உண்ணாவிரதமும் நடைப்பயணமும் தொடங்கினார். அவற்றோடு, அதுவரை தம்பதி அதிகம் நம்பாத நான்காவது வழியையும் எடுத்தார்: 1994இல் உச்ச நீதிமன்றத்தில் மனு. நாக்பூரின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரி நேரில் பார்த்துத் தந்த அறிக்கை, இறாலால் வரும் வருவாயைவிட அதனால் ஏற்படும் அழிவின் மதிப்பு அதிகம் என்று கணக்கிட்டது. 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதுவும் தீர்ப்பளித்தார்கள். 1991இன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை பாதுகாக்கும் பகுதிக்குள், பாரம்பரிய முறை தவிர்த்த இறால் பண்ணைகள் இருக்கக் கூடாது. 1997 மார்ச் 31க்குள் இடித்துவிட வேண்டும். வேலை இழக்கும் தொழிலாளிக்கு ஆறு ஆண்டுக் கூலி இழப்பீடு. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இன்று இதைப் படிக்கிறார், ‘எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம்’ என்ற தலைப்பில். மனுதாரர் பெயரின் கடைசி எழுத்துகள் டெல்லி போய்ச் சேர்வதற்குள் உதிர்ந்துவிட்டன. சட்டக் கல்லூரியில் இந்த வழக்கை மனப்பாடம் செய்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஜெகந்நாத் பூதான ஜெகந்நாதன் என்று தெரியுமோ.

தீர்ப்பு வென்றது, நடைமுறை வெல்லவில்லை. இறால் ஏற்றுமதி அந்நியச் செலாவணி தரும் தொழில். பண்ணைகளைக் காக்க 1997இலேயே ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. கடைசியில் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் நிறைவேறியது. தீர்ப்பு தடை செய்த இடத்தில் பதிவு பெற்றுக்கொண்டு பண்ணை நடத்த அது வழி விட்டது. எண்பது வயதுக்காரரின் பத்தாண்டு உழைப்பு ஒரு புதிய சட்டத்தில் கரைந்தது. கேட்டு வாங்கிய நிலத்தைக் கொடுத்தவரின் மகன் மறுத்தான். வழக்காடி வாங்கிய தீர்ப்பை நாடாளுமன்றம் மறுத்தது. விலை கொடுத்து வாங்கிய பத்திரம் மட்டும் மறுக்க முடியாததாக நின்றது. காந்தியப் பொருளாதாரத்தில் ஊறிய இருவருக்கு வாழ்க்கை காட்டிய விடை இது என்பதில் ஒரு கசப்பு இருக்கிறது. அந்தக் கசப்பை மறைத்து அவர்களைப் புனிதர்களாக எழுதும் கட்டுரைகள் அவர்களுக்கு நியாயம் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுபடி சியாட்டிலுக்கு வருவோம். ஒரு பல்கலைக்கழகம் எதைப் பார்த்து ஒருவரைச் சிறப்பிக்கிறது? நம் ஊரில் பெரும்பாலும் கட்டடத்தைப் பார்த்து. அரங்கம் கட்டிக் கொடுத்தவருக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு முதல் போட்டவருக்கும் பட்டமளிப்பு விழா மேடையில் நாற்காலி உண்டு. அதில் பிழை எதுவும் இல்லை. அழகப்பச் செட்டியாரின் கொடை இல்லாமல் காரைக்குடி இல்லை. ஆனால் கொடுத்ததைக் கட்டடமாகப் பார்க்க முடியாதவர்களுக்கு நம் பல்கலைக்கழகங்களிடம் அளவுகோல் இல்லை. மாணவர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பி, நேரில் பார்த்துவிட்டு வந்து தீர்மானித்த அந்த முறைதான் எனக்குப் பரிசைவிடப் பெரிதாகப் படுகிறது. அதே நேரம், ‘சமூக சேவை’ என்ற தலைப்பின்கீழ் அவர்களை வைத்ததில் ஒன்று விடுபட்டுப்போகிறது. பத்ம பூஷண் 2020இல் கிருஷ்ணம்மாளுக்கு வந்தபோதும் அரசுப் பட்டியல் அவரைச் சமூகப் பணி என்ற வரிசையில்தான் வைத்தது. சேவை என்ற சொல் கேட்க இதமானது. யாருடைய நிலம், யாரிடம் இருந்து, யாருக்குப் போனது என்ற கேள்வியை அது கேட்பதில்லை. மாற்று நோபல் தந்த ஸ்டாக்ஹோம்காரர்கள் சமூக நீதி என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். அது இன்னும் கொஞ்சம் கிட்டே வருகிறது.

இத்தாலியப் பெண்மணி லாரா கோப்போ இருவரோடும் பேசித் தொகுத்த வாழ்க்கைக் கதை ‘சுதந்திரத்தின் நிறம்’ என்ற பெயரில் தமிழிலும் கிடைக்கிறது. ஜெகந்நாதன் 2013 பிப்ரவரி 12 அன்று காந்திகிராமத்தில் நூறு வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் கண்பார்வை அநேகமாக இல்லை.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. லாஃப்டி வாங்கிக் கொடுத்த அந்தச் சுமார் 13,000 ஏக்கரின் பத்திரங்களும் நாகை, திருவாரூர் மாவட்டச் சார்பதிவாளர் அலுவலகங்களின் பதிவேடுகளில் இருக்கின்றன. அவற்றில் எத்தனை ஏக்கர் இன்னும் அந்தப் பெண்கள் பெயரிலோ அவர்களுடைய மகள்கள் பெயரிலோ இருக்கிறது, எத்தனை அடமானத்தில் போனது, எத்தனை மனையாகவும் குளமாகவும் மாறியது என்று கிராமம் கிராமமாகப் போய் எண்ண முடியும். அதற்குச் சியாட்டில் வரை போக வேண்டியதில்லை. 2009இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் திருவாரூர்ப் பக்கம் நீலக்குடியில் இயங்குகிறது. அங்கிருந்து கீழ்வெண்மணிக்கு ஒரு காலைப் பொழுதில் போய்வரலாம். பொருளியல் துறையிலோ சமூகப் பணித் துறையிலோ ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்கள் யாராவது இந்தக் கட்டுரையைப் படித்தால், முதலில் கிருஷ்ணம்மாளின் கூத்தூருக்குப் பேருந்து ஏறட்டும்.